எட்டடி உயரத்தில் திவ்யா

கஸ்தூரி ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்றிருந்தாள். இடது கை மின்கம்பத்தைச் சுற்றியிருந்தது. வலது கையில் இருந்த மீன் வெட்டும் கத்தியால் நைலான் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணி இருக்கும். மற்ற நாட்களில் அந்த நேரத்துக்கு அந்தக் கத்தி வஞ்சிரத்தின் மேல் இருக்கும்.

கீழே அவளோடு மீன் விற்கும் ரோசி பெட்டி நகராமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கடல் காற்றில் பேனரின் ஒரு பக்கம் அவிழ்ந்து படபடவென்று அடித்தது. அதில் எட்டடி உயரத்துக்குத் திவ்யா சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: "வயதுக்கு வந்தேன், வகுப்புக்கும் வந்தேன்!"

திவ்யா கஸ்தூரியின் மகள். பத்தாம் வகுப்பு. வாசகம் என்னுடையது.

நான் கையில் ஒரு டப்பா மைசூர்பாகோடு சாந்தோம் நெடுஞ்சாலையைத் தாண்டிக் குப்பத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். பேனர் காற்றில் சரிந்துவிட்டது, இழுத்துக் கட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு மந்தபுத்தி. "மேல நல்லா இழுத்துக் கட்டு கஸ்தூரி!" என்று குரல் வேறு கொடுத்தேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"யக்கா, அங்கயே நில்லு. கிட்ட வராத. கையில கத்தி கீது" என்றாள்.

வாசகியின் கேள்வி

இந்தத் தொடரைத் தவறாமல் படிக்கும் ஒரு வாசகி நங்கநல்லூரிலிருந்து எழுதியிருந்தார். "உங்கள் குறிப்புகளில் எல்லாப் பெண்களும் கடைசியில் காப்பாற்றப்பட்டுவிடுகிறார்களே அம்மா, நிஜமாகவே அப்படித்தானா?"

கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் குத்தியது. இரண்டு நாள் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெயித்த கதைகளைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது என்பதும் உண்மை.

முப்பது வருடம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். அலுவலகம் தேனாம்பேட்டை, வேலை கடலோரம். பெண்பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்காமலும், பதினெட்டுக்கு முன்னால் கழுத்தில் தாலி ஏறாமலும் பார்த்துக்கொள்வதுதான் வேலை. எத்தனை கூட்டம், எத்தனை டீ, எத்தனை படிக்கட்டு! இன்றைக்கு மாடி ஏறினால் முழங்கால் அதற்கெல்லாம் கணக்குக் கேட்கிறது.

எங்கள் அறிக்கைகளில் 'மக்கள் தாமே முன்னின்று நடத்தும் மாற்றம்' என்று ஒரு வரி தவறாமல் வரும். நானே நூறு தடவை எழுதியிருப்பேன். மக்கள் நிஜமாகவே முன்னால் வந்து நின்றால் நமக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

சத்துமாவு வாசனை

குப்பத்தில் பெண்கள் கூட்டம் சனிக்கிழமை மூன்று மணிக்கு. வியாபாரம் முடிந்து, மீன் அள்ளும் அன்னக்கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார்கள். இடம் பால்வாடி. சத்துமாவு வாசனையும் மீன் வாசனையும் கலந்து அந்த அறைக்கென்று ஒரு மணம் உண்டு. என் புடவையில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை வரை போகாது.

அந்தப் பகுதியில் அப்போது ஒரு வழக்கம் வேரோடியிருந்தது. பெண் பெரியவளானால் சடங்கு. சடங்கு என்றால் வீட்டோடு நிற்காது. தெரு முனையில் ஆளுயர பேனர். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைக்குக் கல்யாணப் பெண் மாதிரி அலங்காரம் செய்து, படம் எடுத்து, சுற்றிலும் மாமன்கள், சித்தப்பன்கள் முகங்களை வரிசையாகப் போட்டு, மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள். அதன் அடியில்தான் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். பாதிப் பிள்ளைகள் போகமாட்டார்கள். ஆறு மாதத்தில் முறைப் பையன் வீட்டிலிருந்து தட்டோடு வந்துவிடுவார்கள்.

எனக்கு இது புதிதல்ல. என் அக்கா சாந்தா பெரியவளானபோது மந்தைவெளியில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டினார்கள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அவளுடைய கணக்கு நோட்டில் மீதி இருந்த பக்கங்களில் நான் எழுதினேன். அந்த வெற்றுப் பக்கங்கள்தான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தன என்று மேடைகளில் சொல்வேன். சாந்தாக்கா மேற்கு மாம்பலத்தில் இருக்கிறாள். அந்தப் பேச்சைக் கேட்டால், "நோட்டு கெடச்சுதுன்னு நீ அன்னிக்கு குதிச்சத நான் மறக்கலடி" என்பாள்.

முதல் ஒரு வருடம் நான் சுருட்டிய படங்களோடு போவேன். உடம்பின் உள்ளுறுப்புகள், சத்துக் குறைவு, சின்ன வயதில் பிரசவத்தின் ஆபத்து எல்லாம் வண்ண வண்ணமாக இருக்கும். பெண்கள் பணிவாகக் கேட்பார்கள். ரோசி சுவரில் சாய்ந்து தூங்குவாள். கடலோர லூப் சாலையில் காலை ஐந்து மணிக்கு மீன் கடை விரிப்பவள், அவளைக் குறை சொல்ல முடியாது.

ரோசி கண் விழித்த நாள்

ஒரு சனிக்கிழமை படங்களை பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டேன். சொல்வதற்கு எதுவும் இல்லாமல், "அவங்கவங்க சடங்குல என்ன ஞாபகம் இருக்குன்னு சொல்லுங்களேன்" என்றேன். முப்பது வருட வேலையில் நான் செய்த உருப்படியான காரியம், அன்று அந்தப் படங்களைத் தொலைத்ததுதான்.

ரோசி கண்ணைத் திறந்தாள்.

"நாற்காலில குந்த வெச்சாங்க. தல நிமிராதன்னு சொல்லிட்டாங்க. வர்றவன் போறவன்லாம் பாத்தான். மீனு வாங்க வர்றவங்க செவுளத் தூக்கிப் பாப்பாங்க இல்ல, அத்தமாரி பாத்தாங்க யக்கா. எனக்கு இன்னா ஏதுன்னே புரில. வவுத்து வலி வேற."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒவ்வொருத்தியாகப் பேச ஆரம்பித்தார்கள். அன்று ஆறு மணி ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பேசியது குறைவு. பல சனிக்கிழமைகள் அவர்களே அடித்துப் பேசி, சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு எழுந்து போய், திரும்பி வந்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள். சடங்கே வேண்டாம் என்பது என் ஆசை. "தலைக்குத் தண்ணி ஊத்தாம எப்டி? நீ சொம்மா குந்து யக்கா" என்று அதை ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள்.

அவர்கள் தீர்மானம் இது. தண்ணீர் ஊற்றுவது வீட்டுக்குள், பெண்கள் மட்டும். நாற்காலி இல்லை, மைக் இல்லை, பேனர் இல்லை. பதினோராம் நாள் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். மீறிப் பேனர் கட்டுகிற வீட்டுக்கு ஒரு வருடம் குப்பத்துப் பெண் யாரும் போக மாட்டாள். சீர்த் தட்டு தூக்க மாட்டாள். நல்லது கெட்டது எதற்கும் வாசல் மிதிக்க மாட்டாள்.

"சாவுக்குமா?" என்று கேட்டேன்.

"சாவுக்குந்தான்" என்றாள் ரோசி.

எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் ஊர்ப் பஞ்சாயத்து ஆண்கள் அதற்குத்தான் பயந்தார்கள். தட்டு தூக்கப் பெண்கள் வராத விசேஷம் விசேஷமே இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

திரும்பிப் போன சீர்

அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு பெரியவளான முதல் பெண் திவ்யா. அப்போது ஒன்பதாம் வகுப்பு.

கஸ்தூரியின் அண்ணன் காசிமேட்டிலிருந்து இருபத்தொரு தட்டுச் சீரோடு வந்து இறங்கினார். பேனர் அடித்தே கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு பேச்சும். தன் மகனுக்குத் திவ்யாவை இப்போதே பேசி வைத்துவிடலாம், பத்தாவது முடிந்ததும் கல்யாணம். எல்லார் முன்னிலையிலும் திவ்யாவைக் கூப்பிட்டு, "உனக்கு சம்மதந்தானம்மா?" என்று கேட்டார். நான் வாசலருகே நின்றிருந்தேன். கஸ்தூரி போய் மகளை ஒட்டி நின்றாள்.

"வேணா மாமா. நான் படிக்கிறேன்" என்றாள் திவ்யா.

"அதான் சொல்லிட்டா இல்ல. பேனரும் வேணாண்ணே" என்றாள் கஸ்தூரி.

அண்ணன் தட்டுகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். இனி அண்ணன் செத்தான் என்று நினைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி போன பிறகு கஸ்தூரி கதவைச் சாத்திக்கொண்டு அழுதது வெளியே கேட்டது. அப்பா அம்மா இல்லாதவள். அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த அண்ணன்தான். பதினோராம் நாள் திவ்யா பள்ளிக்குப் போனாள்.

அந்த விலையை அவள் கொடுத்தாள். அதை வைத்து நான் பேர் வாங்கினேன். இதை இப்படித்தான் சொல்ல வேண்டும்.

என் கைவண்ணம்

அடுத்த வருடம் எங்கள் நிறுவனம் தியாகராய நகரில் ஒரு மண்டபத்தில் விழா வைத்தது. "ஒரு முகம் வேணும்கா. படிச்சதும் மனசுல நிக்கற மாதிரி ஒரு கதை" என்றாள் பிரியா. அலுவலகத்தில் விழாப் பொறுப்பு அவளுடையது. நான் யோசிக்கவே இல்லை. திவ்யா பேரைச் சொன்னேன்.

திவ்யாவிடம் கேட்டேன். கேட்காமல் செய்யவில்லை. ஹவுசிங் போர்டு மாடிப்படியில், அவள் தண்ணீர்க் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தபோது, "உன் படத்தைப் போடலாமா கண்ணு?" என்றேன். தலையாட்டினாள். கஸ்தூரி அன்று வியாபாரத்துக்குப் போயிருந்தாள். பிறகு அவளிடம், "விழாவுல திவ்யாவுக்கு சால்வை போடறோம்" என்று மட்டும் சொன்னேன்.

வாசகத்தை பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். பனகல் பூங்கா வருவதற்குள் எதுகை மோனையோடு வந்து விழுந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. சாந்தாக்காவுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன்.

"எனக்காவது மறுநாளே ஸ்பீக்கரை அவுத்துட்டாங்க வசந்தா. இது எத்தனை நாள் தொங்கும்?" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்று வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளிடம் நான் சொன்ன வார்த்தை அது.

விழா நன்றாக நடந்தது. மண்டபத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொண்ணு அடிச்சுக் குப்பத்து முனையிலயும் கட்டுங்க. அவங்க ஊர்ப் பொண்ணு, சந்தோஷப்படுவாங்க" என்று சொன்னது யாருமில்லை, நான்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்கள் வந்து கட்டிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை காலை நான் மைசூர்பாகோடு கிளம்பினேன்.

ஐஸ் பெட்டிக்குக் கீழே

கடைசிக் கயிறு அறுந்து பேனர் மண்ணில் விழுந்தது. கஸ்தூரி இறங்கி, மகளின் முகம் உள்பக்கம் போகும்படி அதை மடித்தாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. ரோசிதான் பக்கத்தில் வந்தாள்.

"நேத்து சாயங்காலத்துலேந்து பசங்க அத்த போன்ல புடிச்சி எல்லாருக்கும் அனுப்பிக்கினு கீறானுங்க. டியூசன் வுட்டு வந்த பொண்ண சுத்தி நின்னுக்கினு 'வயசுக்கு வந்தியா, வகுப்புக்கு வந்தியா'ன்னு பாடியிருக்கானுங்க. ராவெல்லாம் அழுதுச்சு. இன்னிக்கி ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு படுத்துனு கீது."

"இது அந்த மாதிரி பேனர் இல்ல ரோசி. அவ படிக்கிறான்னு பெருமையா..."

"இன்னா யக்கா பேசற? மாமன் வெச்சா பேனரு, நீ வெச்சா பாடமா?"

மடித்த பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கஸ்தூரி என்னைத் தாண்டிப் போனாள். அந்த முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது. அண்ணனை இழந்து எதைத் தடுத்தாளோ, அதை நான் அவள் வீட்டு முனையிலேயே கட்டியிருந்தேன்.

திவ்யா அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆயிற்று. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகிறது, இப்படியே வராமல் இருந்தால் சிக்கல் என்று வகுப்பாசிரியை சொல்லி அனுப்பினார். காசிமேட்டிலிருந்தும் சேதி வந்தது. "படிக்காத பொண்ண வூட்ல வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? இப்பவும் எம்புள்ளைக்கு எடுத்துக்கறேன்." ஒரு வருடம் பேசாத அண்ணன். கஸ்தூரி அந்தச் சேதிக்கு உடனே மறுப்புச் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரியாததுதான் என் பெரிய வியாதி. தினமும் காலையில் பள்ளி வாசலில் போய் நின்றேன். அவள் வந்தால் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் விடலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் வந்தாள். எதிர்ப்பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

நாற்காலி

அந்தச் சனிக்கிழமை கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் எல்லாக் கூட்டத்துக்கும் கூப்பிட்டது நான்தான்.

முழங்கால் வலிக்கும் என்று எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாரும் தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சட்டம்னு ஒன்னு போட்டா எல்லாருக்குந்தான்" என்று ரோசி ஆரம்பித்தாள். "பேனரு கட்டனது நீ. ஒரு வருசம் இந்தக் குப்பத்துல நீ கால் வெக்கக் கூடாது. உன் வூட்டு நல்லது கெட்டதுக்கு நாங்க யாரும் வர மாட்டோம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருடம் உங்களுக்காக அலைந்தேனே என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். "நான் திவ்யாவைக் கேட்டுட்டுதான் போட்டேன். வேணும்னா அவளையே கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன்.

கஸ்தூரி எழுந்து போய்க் கூட்டி வந்தாள். இரண்டு வாரத்தில் பிள்ளை மெலிந்திருந்தாள். கதவோரமே நின்றாள்.

"அக்கா உன்னக் கேட்டுச்சா?" என்றாள் ரோசி.

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"தலையாட்டினேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமாவும்தான் கேட்டாரு ஆன்ட்டி. அப்ப அம்மா என் பக்கத்துல இருந்துச்சு, அதான் வேணான்னு சொன்னேன். நீங்க கேட்டப்ப யாரு இருந்தா? எனக்காகப் பேசற ஆளே நீங்கதான? உங்ககிட்டப் போயி வேணான்னு எப்டிச் சொல்றது?"

நான் எத்தனையோ கூட்டங்களில் சம்மதம் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தப் பதினைந்து வயதுப் பெண் சொன்ன அளவுக்கு எனக்கே அது புரிந்திருக்கவில்லை. அழுதேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

"ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை தேனாம்பேட்டை போய்ப் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். கணினியில் இருந்ததைப் பிரியா என் கண் முன்னாலேயே அழித்தாள். அந்தப் படத்தோடு விழாவுக்கு அச்சடித்த புத்தகங்கள் எங்கெங்கோ போய்விட்டிருந்தன. "அதை ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்றாள். அவள் மேல் தப்பில்லை. படத்தைக் கொடுத்தவள் நான்.

அதற்குப் பிறகு பள்ளி வாசலுக்குப் போகவில்லை. குப்பம் இருக்கும் திசைக்கே போகவில்லை. அந்த நாட்களில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. திவ்யா என்ன ஆனாள் என்று கேட்க ஆளில்லை. கேட்கும் யோக்கியதையும் இல்லை. காசிமேட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்களோ என்று நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டது.

பத்து நாள் கழித்து ரோசியிடமிருந்து போன் வந்தது. பின்னால் மீன் விலை பேசும் இரைச்சல்.

"நான் பேசறது ரூல்ஸ்ல வராது. இருந்தாலும் சொல்லணும்னு தோணிச்சு. பொண்ணு இன்னிக்கி ஸ்கூலுக்குப் போயிடுச்சி யக்கா. காசிமேட்டுக்கும் முடியாதுன்னு சொல்லி அனுப்பியாச்சு."

"யாரு பேசினீங்க? என்ன சொல்லி அவளை அனுப்பினீங்க?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு வழிமுறை தெரிந்தாக வேண்டியிருந்தது.

"நாங்க ஒன்னும் சொல்லல. அதுதான் ஒன்னு கேட்டுச்சு. அந்த ஆன்ட்டி ஸ்கூல் கேட்டாண்ட நிக்குமான்னு. நிக்காது, இனிமே வராதுன்னு கஸ்தூரி சத்தியம் பண்ணிச்சு. அப்பாலதான் பைய எடுத்துச்சு."